மூன்றாவது மயக்கம்

அம்மா மூன்றாவது முறையாக மயங்கி விழுந்தபோது ஷிஹாப் கையிலிருந்த பெட்டியைக் கீழே வைக்கவேயில்லை. கீழே தெருவில், விமான நிலையத்துக்குக் கூப்பிட்டிருந்த டாக்ஸி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

"எந்திரிம்மா, படம் முடிஞ்சுபோச்சு. ஜனமெல்லாம் வீட்டுக்குப் போயாச்சு" என்று சிரித்தாள் தங்கை ரீஹாம்.

அம்மா இன்ஸாஃபின் மயக்கம் அலெக்ஸாண்ட்ரியாவின் அந்தச் சந்து முழுக்கப் பிரசித்தம். மகனுக்கு இத்தாலியில் ஒரு கப்பல் பட்டறையில் வெல்டர் வேலை உறுதியான அன்று முதல் தடவை விழுந்தாள். பிள்ளைகள் அலறியடித்துத் தண்ணீர் தெளித்ததும் கண்ணைத் திறந்து, "பயந்துட்டீங்களா? சும்மா நடிச்சுப் பார்த்தேன்" என்றாள்.

விசா வந்த அன்று மறுபடியும் விழுந்தாள். அந்தத் தடவை ஆஸ்பத்திரிக்கே தூக்கிக்கொண்டு ஓடினார்கள். சர்க்கரை பார்த்தார்கள், பிரஷர் பார்த்தார்கள், எல்லாம் சரியாக இருந்தது. பிள்ளையைப் பிரியப்போகிற வருத்தம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

திரும்பி வரும் வழியில் மகனைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். "டாக்டரையே ஏமாத்திட்டேன் பார்த்தியா! சரி சரி, நீ கெளம்புற வேலையப் பாரு."

ஷிஹாபுக்குக் கோபம்தான் வந்தது. இங்கே அவன் வேலை பார்த்த பட்டறையை மூடியதிலிருந்து காபிக்கடையில் டொமினோ ஆடியே அவனுக்குத் தலை நரைக்க ஆரம்பித்திருந்தது. இத்தாலியை விட்டால் வேறு வழியில்லை என்று தெரிந்தும் அம்மா இப்படிக் கூத்தடிக்கிறாளே!

பெட்டி அடுக்கும்போதும் அப்படித்தான். ஒரு சட்டையை மடித்ததும் கட்டிலில் உட்கார்ந்துவிடுவாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அடுத்த சட்டையைத் தொடுவாள். "என்னம்மா, நாளக் கடத்துறியா?" என்று ரீஹாம் கேட்டால் பதிலுக்குச் சிரிப்பு மட்டும் வரும்.

"யம்மா, போதும். பிளேனுக்கு நேரமாச்சு." ஷிஹாப் குனிந்து அவள் கன்னத்தைத் தட்டினான். கன்னம் சில்லென்று வியர்த்திருந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது.

பெட்டி அவன் கையிலிருந்து நழுவியது.

விமான நிலையத்துக்குப் போக வேண்டிய டாக்ஸி அவசரப் பிரிவு வாசலில் போய் நின்றது. இன்ஸாஃபைப் பார்த்ததுமே டாக்டர் நெஸ்ரீன் ஆக்ஸிஜன் வைக்கச் சொன்னார். "இதுக்கு முன்னாடி மயங்கியிருக்காங்களா?"

"ரெண்டு தடவை. ஆனா அது நடிப்பு டாக்டர்."

"யார் சொன்னா?"

"அவங்களேதான்."

டாக்டர் அவனை ஒரு கணம் பார்த்தார். பிறகு கட்டிலை நேரே ஸ்கேன் அறைக்குத் தள்ளச் சொன்னார்.

திரும்பி வந்தபோது அவர் குரல் தணிந்திருந்தது. "நுரையீரலுக்குப் போற ரத்தக் குழாய்ல பெரிய ரத்தக்கட்டி அடைச்சிருக்கு. அதான் விழுந்துட்டாங்க. பழைய கட்டிகளும் அங்கங்க இருக்கு. அந்த ரெண்டு தடவையும் அவங்க நடிச்சிருக்க வாய்ப்பே இல்ல."

ரீஹாம் சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தாள்.

"போன தடவையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனோமே டாக்டர்!" என்றான் ஷிஹாப்.

"மயக்கம்னு வந்தா எல்லாரும் முதல்ல சர்க்கரையும் பிரஷரும்தான் பார்ப்பாங்க. மூச்சு வாங்குதுன்னு அவங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நெஞ்சையும் பார்த்திருப்பாங்க."

"பொழச்சுடுவாங்களா?"

"கட்டி கரைய மருந்து ஏறுது. ஆனா இதயம் ரொம்பத் தளர்ந்துபோச்சு." டாக்டர் கதவைத் திறந்துவிட்டார். "ரெண்டு பேருமே உள்ள போய்ப் பேசிடுங்க."

அதற்கு என்ன அர்த்தம் என்று ஷிஹாபுக்குப் புரிந்தது.

உள்ளே இன்ஸாஃப் விழித்திருந்தாள். மூக்கையும் வாயையும் மூடிய முகக்கவசத்துக்குள்ளிருந்து, "பிளேன்?" என்றாள்.

"போயிடுச்சும்மா."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். ஓரத்தில் நீர் கோத்தது.

ஷிஹாபால் அடக்க முடியவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதான். "நெசமாவே மயக்கம் வந்துச்சுன்னு ஏம்மா சொல்லலே? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் இத்தாலிக்குப் போறதையே விட்டிருப்பேனே!"

இன்ஸாஃப் முகக்கவசத்தை மெல்ல விலக்கினாள்.

"அதனாலதான்டா சொல்லலே."