உள்ளே இருந்த குளிர்

இரும்புத் தடியின் முதல் அடி ஆராய்ச்சியாளரின் தோளில் விழுந்தது. அப்போதும் அவள் ஆய்வகத்தின் நடுவே இருந்த பொன்னிறப் பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி நகராமல் நின்றாள்.

“ஒரு கம்ப்யூட்டருக்காகவா உசுரை விடுறீங்க?” என்றான் போட்டிக் கம்பெனி முதலாளி அனுப்பிய அடியாள்.

“இது குவாண்டம் கம்ப்யூட்டர், தம்பி. மத்ததுல பூஜ்யம், இல்லேன்னா ஒண்ணு. இதோட கியூபிட்ல ரெண்டும் கலந்தே இருக்கும். துளிச் சூடு பட்டாலும் கலைஞ்சிடும். அதான் உள்ளே அப்படி ஒரு குளிர். பனிக்கட்டியே அதுகிட்ட பிச்சை வாங்கணும். ஒரு வருஷ உழைப்புப்பா, விட்டுடு!”

அவன் இன்னொரு அடியில் அவளைச் சாய்த்தான். மூடியைப் பிளந்து, உள்ளே கையை விட்டுக் கம்பிகளைப் பிய்த்தெறிந்தான். தகடு கிழித்து, உள்ளங்கையிலிருந்து ரத்தம் கொட்டியது.

உதட்டில் ரத்தத்தோடு தவழ்ந்து வந்த அவள், தன் கைக்குட்டையால் அவன் காயத்தை இறுக்கிக் கட்டினாள்.

“அடிச்சவனுக்கா கட்டுப் போடுறீங்க?”

“வலி எல்லாருக்கும் ஒண்ணுதானே, தம்பி.”

அவன் தடியை எடுத்துக்கொண்டு நடந்தான். வாசலில் நின்று திரும்பினான்.

“உடைச்சாச்சுன்னு முதலாளிகிட்ட சொல்லிடறேன். ஆனா உள்ளே கையை விட்டேனே அக்கா, குளிரவே இல்ல. இது பார்க்க வர்றவங்களுக்கு வச்ச பொம்மைதானே? நிஜப் பெட்டி இருக்கிற அறையை நல்லாப் பூட்டிக்குங்க.”