வெள்ளைக் குரல்

“தொண்டையைச் செருமிக்கோ. வெள்ளைக்காரன் மாதிரி பேசுவியே, அந்த வெள்ளைக் குரலை எடு,” என்றாள் ரெனீட்டா, கணவன் சிட்ரிக்கிடம்.

சிகாகோவில் அவர்கள் குடியிருந்த கட்டடத்தை யாரோ வாங்கிவிட்டார்கள். மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். இதுவரை விசாரித்த வீடுகள் எல்லாம் போனில் காலியாகத்தான் இருந்தன. சிட்ரிக்கின் கறுப்பு முகத்தைப் பார்த்த மறுநிமிடமே வேறு ஆள் வந்துவிட்டார். அந்த முகத்துக்கு அப்படி ஒரு ராசி!

சிட்ரிக் ஸ்பீக்கரைப் போட்டு எண்ணை அழுத்தினான்.

“வணக்கம் அம்மணி. தங்கள் மாடி வீடு வாடகைக்கு உள்ளதா?”

“உள்ளது ஐயா. தங்களைப் போன்ற பண்பாளர்களுக்கே தர விரும்புகிறேன்.” மறுமுனையில் பட்டுத் துணி போல ஒரு குரல். “ஓய்வு நேரத்தில் தாங்கள்...?”

“கோல்ஃப் ஆடுவேன்.”

ரெனீட்டா சிரிப்பை அடக்கத் தலையணையைக் கடித்துக்கொண்டாள்.

“மிக்க மகிழ்ச்சி! நான் ஏரியில் பாய்மரப் படகு ஓட்டுவேன். நாளைக் காலை வாருங்கள்.”

“படகு வச்சிருக்காளாம். உன்னைப் பாத்ததும் மயக்கம் போட்டுடப்போறா,” என்றாள் ரெனீட்டா, அவன் போனை வைத்ததும்.

“அவ மயக்கம் தெளியறதுக்குள்ள நான் வீட்டைப் பாத்துடறேன்.”

மறுநாள் டை கட்டிக்கொண்டு போய் அழைப்புமணியை அழுத்தினான். கையில் துடைப்பத்தோடு ஒரு கறுப்பினப் பெண் கதவைத் திறந்தாள்.

“அக்கா, வீட்டுக்காரம்மா இருக்காங்களா? அந்த வெள்ளைக்காரம்மா?”

அவள் அவனைத் தாண்டித் தெருவையே எட்டிப் பார்த்தாள். “கொஞ்சம் ஒதுங்கி நில்லு தம்பி. வீடு பாக்க ஒரு வெள்ளைக்கார ஐயா வர்ற நேரம்.”

சிட்ரிக்கும் திரும்பித் தெருவைப் பார்த்தான். யாரும் இல்லை. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“படகு எங்கக்கா?” என்றான் மெதுவாக.

“உன் கோல்ஃப் மட்டை இருக்கிற இடத்துலதான்.”

“சொந்த வீட்டுக்காரி, உங்களுக்கு எதுக்கு அந்தக் குரல்?”

“என் குரல்ல பேசினா, ‘ஓ, உங்காளுங்க ஏரியாவா’ன்னு போனை வச்சிடறாங்க.” இடுப்பிலிருந்து சாவியை எடுத்து நீட்டினாள். “வீடு உனக்குத்தான். ஆனா ஒண்ணு. குழாய் உடைஞ்சா ரிப்பேர்காரனை நீதான் அந்தக் கோல்ஃப் குரல்ல போன்ல கூப்பிடணும். எனக்குச் சளி பிடிச்சா அந்த வெள்ளைக்காரி வர மாட்டேங்கறா!”