மாத்திரையைக் குறைச்சுடுங்கோ

"அந்த மாத்திரையை இன்னிக்கே குறைச்சுடுங்கோ டாக்டர்" என்றாள் வாலாம்பாள்.

கட்டிலில் சாய்ந்திருந்த தம்பி நீலகண்டன் பதறினான். "வேண்டாம்க்கா! குறைச்சா கிட்னி போயிடும்."

"போனாப் போறது."

பக்கத்துக் கட்டிலில் கணவனுக்குக் கஞ்சி புகட்டிக்கொண்டிருந்த சுசீலாபாய் திரும்பிப் பார்த்தாள். வலியசாலையிலிருந்து தினமும் பஸ் ஏறி வருகிற இந்த அம்மாளா இப்படிப் பேசுகிறாள்?

டாக்டர், நீலகண்டனின் தோளில் கைவைத்து, மலையாளம் கலந்த தமிழில் சொன்னார்.

"மாற்றுக் கிட்னியை உடம்பு தள்ளிடக் கூடாதுன்னு எதிர்ப்பு சக்தியைக் குறைக்கிற மாத்திரை தந்தோம், இல்லையா? சின்ன வயசுல அநேகமா எல்லாருக்கும் வந்து போற ஒரு வைரஸ் உள்ளேயே பதுங்கிக் கிடந்திருக்கு. இப்போ தடுக்க ஆளில்லாததால கழுத்துல புற்றுக்கட்டியா வளருது. மாத்திரையைக் குறைச்சா கட்டி கரைய வாய்ப்பு இருக்கு, கேட்டோ. ஆனா, கிட்னிக்கு என்னால உறுதி சொல்ல முடியாது."

"அதைப் பத்திரமா வெச்சுக்கறேன்னு வாக்குக் குடுத்திருக்கேன் டாக்டர்." நீலகண்டன் கெஞ்சினான்.

"உன் வாக்கை யாருடா கேட்டா?" வாலாம்பாள் சீறினாள். "பேசாம சரின்னு சொல்லு."

அவன் அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, தலையை மட்டும் அசைத்தான்.

டாக்டர் மருந்துச் சீட்டைத் திருத்தினார்.

சுசீலாபாய்க்குப் பொறுக்கவில்லை. வராந்தாக் குழாயில் தண்ணீர் பிடிக்கப்போன வாலாம்பாளின் பின்னாலேயே போனாள்.

"தப்பா நினைக்காதீங்கக்கா. எங்க வீட்டுக்காரருக்கு ஒரு கிட்னி கெடைக்காம நாங்க நாய் படாத பாடு படுதோம். உங்க தம்பிக்கு யாரோ ஒரு புண்ணியாத்மா வயித்தை அறுத்துத் தந்திருக்கு. நீங்க என்னடான்னா, போனாப் போகுதுன்னு சொல்லுதீங்க. தந்தவங்க காதுல விழுந்தா அவங்க நெஞ்சு வெடிக்காதா?"

வாலாம்பாள் குழாயை மூடினாள். இவ்வளவு நேரம் அடக்கிவைத்திருந்த கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"வெடிக்கத்தான் வெடிக்கறது. குடுத்தவ நான்தாம்மா."



முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டு வாலாம்பாள் சொன்னாள்:

"எனக்கு இன்னொரு கிட்னி இருக்கு. இன்னொரு தம்பி இல்லையே!"