தூணுக்கு அந்தப் பக்கம்

"அந்தக் கயிற்றுக்கு உள்ள போகக் கூடாது மதாம். அங்கே இருக்கிற எல்லாமே காட்சிப் பொருள்!"

டிக்கெட் மேஜையிலிருந்து அந்த இளம்பெண் பதறி எழுந்தாள். லிலியான் அதற்குள் கயிற்றைத் தாண்டி ஒரு காலை வைத்துவிட்டாள். எண்பதைத் தாண்டிய கால்.

"என் புருஷன் உட்கார்ந்த இடம்மா இது. பாரு, பேர்கூட இருக்கு."

மர இருக்கையின் முன்பலகையில் சின்னப் பித்தளைத் தகடு. அர்மான் ப்ளோக். மங்கிப் போயிருந்தாலும் படிக்க முடிந்தது.

"விடும்மா," என்றாள் பின்னால் வந்த தங்கை சூசி. "இது நம்ம யூத ஜெப ஆலயமா இருந்தப்போ பொம்பளைங்களைக் கீழே உட்கார விடல. இப்போ மியூசியம்னு நீ விடமாட்டேங்கிற. பாவம், அவ எப்போதான் உட்காருவா?"

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். "சீக்கிரம் எழுந்துடுங்க" என்று கயிற்றை அவிழ்த்தாள்.

பிரான்சின் அல்சாஸ் பகுதியிலிருந்த அந்தச் சின்ன ஊரில் அக்காளும் தங்கையும் இருந்தது ஒரே ஒரு வருடம்தான், அப்பாவின் மாட்டு வியாபாரத்துக்காக. பெண்கள் மேலே மாடத்தில், ஆண்கள் கீழே. கீழேயிருந்து மாடத்தில் லிலியானைப் பார்த்து மயங்கித்தான் அர்மான் பெண் கேட்டு வந்தார். கல்யாணமாகி ஸ்ட்ராஸ்பூர்க்குக் குடிபோன பிறகும் விருந்துக்கு விருந்து அந்தக் கதையைச் சொல்லுவார்.

விருந்துக்கு விருந்து சூசியும் விடமாட்டாள். "அத்தான் பார்த்தது என்னைத்தான். அக்கா உட்கார்ந்தது தூணுக்குப் பின்னாடி. அப்பா மூத்தவளை அவர் தலையில கட்டிட்டார்!" மேஜையே குலுங்கும். அர்மான் லிலியானின் கையைப் பிடித்து, "உன்னைத்தான்டி" என்பார். அதோடு சரி.

போன வருடம் அர்மான் போய்விட்டார். கையைப் பிடித்துச் சொல்ல ஆள் இல்லாமல் போனதும், அந்தக் கேலி முள்ளாகக் குத்த ஆரம்பித்துவிட்டது. அவர் இடத்திலிருந்து யார் தெரிவார்கள் என்று பார்த்துவிடத்தான் லிலியான் கிளம்பி வந்தாள். கூட வரமாட்டேன் என்று அடம்பிடித்த சூசியையும் இழுத்துக்கொண்டு வந்தாள்.

"நீ மேலே போ. முதல்ல உன் இடத்துல உட்காரு."

"முழங்கால் ஒத்துக்காதுக்கா. வா, போய்க் காபி குடிப்போம்."

"ரெண்டு புருஷனை மேய்ச்சவ, நாலு படி ஏற மாட்டியா? போடி."

முனகிக்கொண்டே சூசி படியேறினாள். லிலியான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அர்மானின் இருக்கையில் உட்கார்ந்து திரும்பி அண்ணாந்தாள். மாடத்துக் கம்பிக்குப் பின்னால் சூசியின் சிவப்புக் கழுத்துத்துணி பளிச்சென்று தெரிந்தது.

"இப்போ என் இடத்துக்குப் போ."

சூசி எழுந்தாள், நகர்ந்தாள், காணாமல் போனாள். தூண்தான் இருந்தது.

"உட்கார்ந்துட்டியா?"

"உட்கார்ந்துட்டேன்," என்று தூண் பேசியது.

லிலியான் கழுத்தை நீட்டினாள். இடது பக்கம் சாய்ந்தாள். எம்பிக்கூடப் பார்த்தாள். கழுத்துத்துணியின் நுனிகூடத் தெரியவில்லை.

"இந்தத் தூண் அப்பவும் இங்கேதான் இருந்துதாம்மா?"

"கட்டின நாள்லேருந்து இருக்கு மதாம்," என்றாள் அந்தப் பெண்.

லிலியான் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். இத்தனை வருடம் ஒரே கட்டிலில், ஒரே மேஜையில் வாழ்ந்த மனிதர் அன்பாகத்தான் இருந்தார். தங்கைக்குப் பதிலாகக் கிடைத்தவளிடமும் அப்படி அன்பாக இருக்க அவரால் முடியும். அதுதான் அவளை உடைத்தது.

சூசி இறங்கி வந்து அக்காவின் முகத்தைப் பார்த்தாள்.

"நீ சொன்னது சரிதான் சூசி. உன்னைத்தான் பார்த்திருக்கார்," என்றாள் லிலியான். "பரவாயில்ல. இனிமே விருந்துல தாராளமா சொல்லு. நான் கோவிச்சுக்க மாட்டேன்."

சூசி அக்காவின் கையைப் பிடித்து எழுப்பி, வாசலையொட்டிய கடைசி வரிசைக்கு நடத்திப் போனாள். பெயர்த் தகடு எதுவும் இல்லாத வெறும் பெஞ்சு.

"இங்கே உட்காரு."

"இது வழிப்போக்கன் உட்கார்ற இடம்டி."

"உட்காரேன். கண்ணாடியைப் போட்டுக்கிட்டு மேலே பாரு."

பார்த்தாள். லிலியானின் பழைய இடம் கையெட்டும் தூரத்தில் இருப்பதுபோல் முழுசாகத் தெரிந்தது. இப்போது தூணுக்குப் பின்னால் மறைந்திருந்தது சூசியின் இடம்.

"நாம இந்த ஊருக்கு வந்த வருஷம் அத்தானோட அப்பா செத்துப்போயிருந்தார். மறந்துட்டியா? நம்ம வழக்கப்படி துக்கம் காக்கிறவன் ஒரு வருஷத்துக்குத் தன் இடத்துல உட்கார முடியாதே."

லிலியானுக்குச் சுருக்கென்றது. அவள் மகனே இந்த வருடம் முழுக்கத் தன் இடத்தை விட்டுவிட்டுக் கடைசி வரிசையில்தானே உட்கார்ந்தான்! பித்தளைத் தகட்டைப் பார்த்ததும் அதெல்லாம் மறந்துபோய்விட்டது.

"அத்தான் அந்த வருஷம் இந்த பெஞ்சுலதான் உட்கார்ந்தார். உனக்கு எப்படித் தெரியும்? கண்ணாடி போட்ட பொண்ணை எவன் கட்டுவான்னு அம்மா வாசல்லயே உன் கண்ணாடியைப் பிடுங்கி வெச்சுக்குவாங்க. உனக்குக் கீழே எல்லாரும் ஒரே தொப்பியாத்தான் தெரிஞ்சிருப்பாங்க."

லிலியான் அழுதாள், சிரித்தாள். பிறகு தங்கையின் தோளில் ஓர் அடி வைத்தாள். "பாவி! இதெல்லாம் தெரிஞ்சுக்கிட்டேவா இத்தனை வருஷமா என்னைக் கேலி பண்ணினே? அதுசரி, அவர் உட்கார்ந்த இடம் உனக்கு மட்டும் எப்படி இவ்வளவு நல்லா ஞாபகம் இருக்கு?"

சூசி கழுத்துத்துணியைச் சரிசெய்துகொண்டு மாடத்தைப் பார்த்தாள்.

"அந்த வருஷம் முழுக்க அந்தத் தூணைத் தாண்டிக் கழுத்தை நீட்டி நீட்டி நான் அவரைத்தானே பார்த்துக்கிட்டிருந்தேன், அவர் ஒரு தடவைகூட என் பக்கம் திரும்பலக்கா."