கடலை மூடுகிற மாப்பிள்ளை

“மேத்யூ, ஏவுகணைன்னு மட்டும் வாயத் தொறக்காத. சோதனைன்னு கடலை மூடிட்டா அப்பாவோட மீன்பிடி போட்டு கரையிலயே நிக்கும். அன்னிக்குப் பூரா திட்டிக்கினே இருப்பாரு. நான் ஐதராபாத் வர்ற வரைக்கும் பாத்தவதானே” என்று ரயிலிலேயே எச்சரித்திருந்தாள் சாண்ட்ரா.

ராயபுரத்து வீட்டில் உட்கார்ந்ததுமே சாண்ட்ராவின் அப்பா அருள்பிரகாசம் நேராகக் கேட்டார். “இன்னா வேலை தம்பி?”

பெண் கேட்டு வந்த இடத்தில் பொய் சொல்ல மேத்யூவுக்கு மனம் வரவில்லை. “பழைய ஏவுகணைகளை மேம்படுத்துறோம் அங்கிள். இன்னும் தூரமா போகும், குறியும் தப்பாது.”

அவர் சட்டென்று நாற்காலியை விட்டு எழுந்தார். கல்யாணம் கைநழுவிவிட்டது என்றே மேத்யூ நினைத்தான்.

“முன்னெல்லாம் அது எங்க வுழும்னு உங்களுக்கே தெரியாது. பாதிக் கடலை மூடிடுவீங்க. இப்போ மூடற எடம் நீளம் ஜாஸ்திதான், ஆனா அகலம் ஒரு தெரு கணக்கா சுருங்கிப்போச்சு. கொஞ்சம் ஒதுங்கிப் போய் நாங்க பாட்டுக்கு வலை போடறோம்.” அவர் மேத்யூவின் கையைப் பிடித்துக்கொண்டார். “எந்தப் புண்ணியவான் செஞ்சானோன்னு கோயில்ல மெழுகுவத்தி ஏத்திக்கினு கீறேன்.”

பிறகு மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

“எல்சி, இனிமே மாப்ள பேரைச் சொல்லியே ஏத்திடலாம்.”