குலுங்காத பெட்டி

"நல்லா ஆட்டிப் பாருங்க சேர். உள்ளுக்க சின்னதா ஒரு சத்தம் கேட்டாலும் நான் இந்தத் தொழிலையே விட்டுர்றேன்."

வீரசிங்கம் கட்டி முடித்திருந்த பெட்டியைத் தூக்கி, வந்திருந்தவர் கையில் கொடுத்தான். அவர் அதைக் காதருகே வைத்து ஆட்டினார். சத்தம் வரவில்லை. தலையாட்டிக்கொண்டே கீழே வைத்தார், ரொம்பப் பக்குவமாக.

கொழும்பிலிருந்து ஒரு பெரிய மனிதர் தன்னைத் தேடிக்கொண்டு லுணுகலைக்கு மேலே இந்தத் தேயிலைத் தோட்டத்து லயம் வரைக்கும் ஏறி வந்ததில் வீரசிங்கத்துக்குத் தலைகால் புரியவில்லை. வெள்ளைச் சட்டை, பளபளக்கிற சப்பாத்து, அதிர்ந்து பேசாத குணம். ஹுமைத் முதலாளிதான் விலாசம் கொடுத்தார் என்று அவர் சொன்னதுமே, பக்கத்து வீட்டில் கதிரை இரவல் வாங்கிப்போட்டு உட்காரவைத்துவிட்டான்.

ஹுமைத் முதலாளிக்குக் கொழும்பில் பெரிய கடை. வீரசிங்கமும் பெண்சாதி பாக்கியலெட்சுமியும் காய்ச்சுகிற தோடம்பழ ஜேம் அவருக்குப் பிடித்துப்போனது. பிடித்து என்ன பிரயோசனம்? பதுளையில் ரயிலேற்றிய முதல் பெட்டியில் பாதிப் போத்தல் நொறுங்கிப்போனது. இரண்டாவது பெட்டியை வழியில் யாரோ பிரித்துக் கிளறிவிட, எறும்பு மொய்த்துப் போய்ச் சேர்ந்தது. மூன்றாவதும் இப்படியென்றால் இந்தப் பக்கமே வராதே என்று முதலாளி கறாராகச் சொல்லிவிட்டார். நல்லபடியாக வந்தால் மாதாமாதம் ஓடர்.

அந்த ஓடர் கிடைத்தால் பாக்கியலெட்சுமி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போக வேண்டியதில்லை. கிடைக்காவிட்டால் போயே ஆகவேண்டும். அவளுடைய பாஸ்போட் ஏற்கெனவே ஏஜென்சிக்காரன் கையில் இருந்தது. மூன்றாவது பெட்டி போய் இரண்டு கிழமையாகப் பதிலே இல்லாமல் இருவரும் சோறு தண்ணி இறங்காமல் கிடந்தார்கள். இன்றைக்கு ஆளே வந்து நிற்கிறது.

"அந்தப் பொட்டி முழுசாப் போய்ச் சேந்துச்சுங்களா சேர்?"

"எங்க கைக்கு வரும்போது ஒரு கீறல்கூட இல்ல. அதனாலதான் வந்தேன். கட்டினது யாரு, எப்படிக் கட்டினாருன்னு நேர்ல பாக்கணும்."

அடுப்படியில் நின்ற பாக்கியலெட்சுமி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சும்மா சொல்லக்கூடாது, அவள் முகத்தில் இந்தச் சந்தோஷத்தை அவன் பார்த்து வெகுநாளாகிறது.

வீரசிங்கம் இன்னொரு காலிப் பெட்டியை இழுத்து அவர் முன்னாலேயே கட்டிக்காட்டினான். கழித்துப்போட்ட பழைய தேயிலைப் பெட்டிதான். அதற்குள் ஒட்டியிருந்த ஈயத்தாளைக் கிழிக்காமல் விட்டது ஏன், போத்தல்களுக்கு நடுவே மரத்தூளை ஈரமில்லாமல் வறுத்து அடைத்தது ஏன், கயிற்றைவிட்டுக் கம்பியால் முறுக்கியது ஏன் என்று ஒவ்வொன்றாக விளக்கினான். ஈயத்தாளை மடக்கி மெழுகு ஊற்றிவிட்டால் துளி வாசம் வெளியே போகாது, எறும்பென்ன, நாய் வந்து மோந்தால்கூடக் கண்டுபிடிக்காது என்று பெருமை அடித்துக்கொண்டான். மனுஷனுக்குப் பெருமை தலைக்கேறிவிட்டால் வாயை யார் கட்டுவது?

வந்தவர் எல்லாவற்றையும் உன்னிப்பாகக் கேட்டார். இதையெல்லாம் எங்கே படித்தீர்கள், யாராவது சொல்லிக்கொடுத்தார்களா, கூட வேலை செய்கிறவர்கள் யார் என்று விசாரித்தார். எல்லாம் தன் சொந்த மூளை என்று வீரசிங்கம் நெஞ்சைத் தட்டிச் சொன்னான். உள்ளே ஜேம் இருப்பதை ஏன் வெளியே எழுதவில்லை என்று அவர் கேட்டபோது, எழுதினால் வழியிலேயே ஆட்கள் நக்கிவிடுவார்கள் என்று சிரித்தான். அவரும் சிரித்தார்.

"இன்னொரு விஷயமும் இருக்குங்க சேர். அதுதான் ரொம்ப முக்கியம்."

"ஏங்க, அது எதுக்கு இப்ப?" என்றாள் பாக்கியலெட்சுமி.

"சும்மா இரு பாக்கியம். சேர் நம்ம ஆளுதானே." அவன் குரலைத் தாழ்த்தினான். "வீரசிங்கம்னு பேரு போட்டா, தமிழ் ஆளு பொட்டின்னு ஸ்டேஷன்ல பிரிச்சுக் கொட்டிர்றாங்க. ரெண்டாவது பொட்டிக்கு அதுதான் நடந்துச்சு. அதான் இந்தவாட்டி வீரசிங்ஹன்னு சிங்களத்துல எழுதி ஒட்டிட்டேன். வாலு மட்டுந்தான் வேற. பதுளையில ஒருத்தன் தொடலியே!"

"இதை ஹுமைத்கிட்ட முன்கூட்டிச் சொன்னீங்களா?"

"எதுக்குங்க? ஜேமப் பாத்தா அவருக்கே வெளங்கிரும்."

வந்தவர் கதிரையைப் பின்னுக்குத் தள்ளினார். பிறகு எழுந்து, ஒரு நடை கொழும்புக்கு வரவேண்டும், இந்தக் கட்டுகிற வேலையை மேலே உள்ளவர்களும் பார்க்கவேண்டும் என்றார். பெட்டியையும் எடுத்துக்கொள்ளச் சொன்னார். பாக்கியலெட்சுமி ஓடிப்போய்ப் பெட்டகத்திலிருந்து அவனுடைய கல்யாணச் சட்டையை எடுத்து வந்தாள். வீரசிங்கம் அதை மாட்டிக்கொண்டு, ஓடர் எத்தனை பெட்டி சேர் என்று கேட்டான்.

அவர் வாசலுக்குப் போய்ச் சிங்களத்தில் குரல் கொடுத்தார். லயத்துக் கோடியிலிருந்து துப்பாக்கியோடு இரண்டு பேர் வந்து வீரசிங்கத்தின் கையைப் பிடித்தார்கள்.

"வீரசிங்ஹன்னு யாரையும் தெரியாதுன்னு ஹுமைத் பயந்துபோய்ப் பொட்டிய எடுக்க மாட்டேன்னுட்டார், குண்டுன்னு நெனச்சுக் கொழும்பு ஸ்டேஷன்ல இருந்த சனத்தையெல்லாம் வெளியேத்திட்டு நாங்கதான் அதை வெடிக்க வச்சோம்," என்றார் அவர், அதே நிதானத்தோடு. "சிதறின ஜேமப் பாத்த பிறகுதான் ஹுமைத் உங்க விலாசத்தச் சொன்னார். உள்ள இருந்தது வெறும் ஜேம்தான்னு எங்களுக்கும் தெரியும் தம்பி, ஆனா நாய்க்கும் மணக்காம, பொய்ப் பேர்ல ஒரு பொட்டிய ரயிலேத்தத் தெரிஞ்ச தமிழ் ஆளை எப்படி வெளிய விட்டுவைக்கிறது?"