ஒரு வரி வசவு

கடைசியில் சிரிக்கலாம். அதுவரை பழனாத்தாள் சிரிக்கக் கூடாதென்று அவளுடைய அப்பா நஞ்சுண்டன் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருந்தார். அவளே அடக்கிக்கொண்டு இருக்கும்போது நமக்கு மட்டும் என்ன அவசரம்?

பழனாத்தாளுக்குப் பதினாலு வயசு. எவர் குரலும் அவளுக்கு வரும். தாசில்தார் குரலில் அதட்டித் தலையாரியை ஒரு மைல் ஓட வைத்தவள். கன்று மாதிரிக் கத்தி, கறந்து முடித்த எருமையை மறுபடி சுரக்க வைத்தவள்.

இப்போது அவளுக்குக் கிடைத்த வேஷம் அவள் அப்பாரு. அதாவது, நஞ்சுண்டனைப் பெற்றவர். அவர் செத்து ஆறு வருஷம் ஆகிறது.

அந்தச் சாவு ஒரே ஒருத்திக்கு மட்டும் தெரியாது. பினாங்கில் இருக்கும் நஞ்சுண்டனின் அக்கா பாப்பாயிக்கு. கிழவர் போனபோது அவள் பிள்ளைத்தாய்ச்சி; இரண்டு கலைந்து மூன்றாவது. பிள்ளை பிறக்கட்டும், எழுதலாம் என்றிருந்தார் நஞ்சுண்டன். பிறந்தது. பல் முளைத்துப் பள்ளிக்கூடமும் போக ஆரம்பித்துவிட்டது. அவர் எழுதத்தான் இல்லை. 'ஐயன் சுகம். உன்னை விசாரித்தார்' என்று அப்பாவைப் பற்றி எழுதியே ஒவ்வொரு கடுதாசியையும் முடித்துக்கொண்டிருந்தார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினாறில் கப்பலேறிப் போன பாப்பாயி, இருபது வருஷம் கழித்து, 'வருகிறேன்' என்று எழுதினாள். கடுதாசி அவளுக்கு ஒரு நாள் முந்திக்கொண்டு வந்தது.

நஞ்சுண்டன் வேப்பங்கொத்து ஒடித்துவந்து உள்ளறை நிலையில் கட்டினார்.

“ஐயனுக்கு அம்மை வார்த்திருக்குதுன்னு சொல்லிப்போடறேன். யாரும் உள்ளே போக முடியாது. நீ படுத்துட்டு ரெண்டு நாளைக்கு இருமு. மூணாம் நாள் ஐயன் போயிட்டார்னு சொல்லிப்போடலாம். அம்மை கண்ட உடம்பை யாருக்கும் காட்ட வேண்டியதில்லை.”

“ஏனுங்கப்பா, நான் எத்தனை மணிக்குச் சாகோணுமுங்க?”

“சிரிச்சீன்னா கொன்னுபோடுவேன்!”

“அதுக்குத்தான் மூணாம் நாள் வெச்சிருக்கறீங்களேங்க.”

தோட்டத்து வீடு. காட்டிக்கொடுக்க அக்கம்பக்கம் கிடையாது.

மறுநாள் மத்தியானம் போத்தனூர் ஸ்டேஷனிலிருந்து வண்டி வந்து துடியலூர்த் தோட்டத்தில் நின்றது. பிள்ளையைப் புருஷனிடம் விட்டுவிட்டுத் தகரப் பெட்டியோடு தனியாக இறங்கிய பாப்பாயியிடம் நஞ்சுண்டன் அம்மைக் கதையைச் சொன்னார். அவள் தம்பியின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அறைக்கதவோரம் போய் உட்கார்ந்தாள்.

“ஐயா, பாப்பாயி வந்திருக்கறனுங்க.”

உள்ளே இருமல். காறல். கட்டில் கிறீச்.

“எவடி அவ? சோத்துக்கில்லாதவன் பின்னாலே கப்பலேறிப் போனவளா? கடல்ல அத்தனை மீன் இருந்தும் ஒண்ணுகூட உன்னைத் தின்னலையா?”

நஞ்சுண்டனே ஒரு நிமிஷம் பயந்து துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார்.

பழனாத்தாள் கதவிடுக்கில் கண்ணை வைத்தாள். அத்தை சேலைத்தலைப்பை வாயில் பொத்திக்கொண்டிருந்தாள். அழுகையா சிரிப்பா, தெரியவில்லை.

“இன்னொருக்கா திட்டுங்க, ஐயா.”

பழனாத்தாளுக்குக் கேட்கவா வேண்டும்? கால் மணி நேரம் திட்டினாள். கைவசம் இருந்தது தீர்ந்ததும், அப்பாரு எருமையைத் திட்டுகிற வசவையும் எடுத்துப் போட்டாள்.

“போதுமுங்க,” என்றாள் பாப்பாயி. “அன்னைக்குப் போயிட்டு வான்னு சொல்லாமத்தான் அனுப்புனீங்க. இப்ப வான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க.”

நஞ்சுண்டன் கதவை அவசரமாகச் சுரண்டினார். அம்மை கண்ட வீட்டில் யாரையும் 'வா' என்று கூப்பிட மாட்டார்கள். சொன்னால் குட்டு உடைந்தது. பழனாத்தாளுக்கும் அது தெரியும்.

உள்ளே கட்டில் ஒருதரம் கிறீச்சிட்டது.

“வா சாமி,” என்றது கிழக்குரல்.

பாப்பாயி கதவில் நெற்றியை வைத்தாள். வெகுநேரம் எடுக்கவில்லை. அப்புறம் எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு, பசிக்கிறது என்றாள்.

நஞ்சுண்டனுக்கு உயிர் வந்தது. இருபது வருஷம் அந்நியச் சீமையில் இருந்தவளுக்கு ஊர் வழக்கமெல்லாம் எங்கே ஞாபகம் இருக்கப்போகிறது!

சாயங்காலம் தகரப் பெட்டி திறந்தது. தம்பிக்கு ஒரு பட்டுக் குடை. தம்பி சம்சாரத்துக்குப் பீங்கான் ஜாடி. கிணற்றடியிலிருந்து அப்போதுதான் வருகிறவள் போல வந்து நின்ற பழனாத்தாளுக்குக் கண்ணாடி வளையல். அடியில் ஒரு பெப்பர்மிண்ட் டப்பா மிச்சமிருந்தது.

வேஷம் பிசகக் கூடாதே என்று நஞ்சுண்டன் கேட்டு வைத்தார். “ஐயனுக்கு ஒண்ணுமில்லீங்களாக்கா?”

“நீ எழுதுன கடுதாசி அத்தனையும் பத்திரமா வெச்சிருக்கறேன், தம்பி. முன்னெல்லாம் ஒவ்வொண்ணுலயும் கடைசியிலே ஒரு வரி வசவு இருக்கும்.”

“ஆமாங்கக்கா. ஐயன் பக்கத்துல நின்னு எழுதச் சொல்லுவாரு.”

“ஆறு வருசமா ஒரு வசவு இல்லை. உன்னை விசாரிச்சாரு, உன்னை விசாரிச்சாருன்னே எழுதறே.” பாப்பாயி பெட்டியை மூடினாள். “அந்த மனுசன் உசுரோட இருந்தா என்னை விசாரிப்பாரா?”

டப்பாவை எடுத்துப் பழனாத்தாள் கையில் வைத்தாள்.

“நீ வெச்சுக்க, கண்ணு. அத்தனை நேரம் திட்டுனியே, தொண்டை வறண்டிருக்கும்.”

நஞ்சுண்டன் புதுக் குடையை ஒருதரம் விரித்தார், மடக்கினார். பிறகு எழுந்துபோய் வேப்பங்கொத்தை அவிழ்த்தார்.